கூப்பிடாமலே விட்ட குழு



ஒரு பழைய கல்வி ஆலோசனைக் குழுவை அரசு சட்டம் போட்டுக் கலைத்தது என்றால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஆனால் இங்கிலாந்தில் 1986-இல் நடந்த கலைப்பைப் பற்றி ஆசிரியராக இருந்தவன் பேசாமல் இருக்க முடியாது.

1944-இல் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இங்கிலாந்துக்கு ஒன்று, வேல்ஸுக்கு ஒன்று என இரண்டு மத்திய கல்வி ஆலோசனைக் குழுக்களை அமைக்கச் சொன்னது. அமைச்சர் கேட்டதற்குப் பதில் சொல்வது மட்டுமல்ல, தாங்களே தேவை என்று நினைப்பதையும் அவை சொல்லலாம். கேட்காமலே சொல்லும் உரிமை! எந்த அமைச்சருக்கு இது இனிக்கும்?

இங்கிலாந்துக் குழு சும்மா இருக்கவில்லை. 1959-இல் கிரவுதர் அறிக்கை, 1963-இல் நியூசம் அறிக்கை. இரண்டுமே பிள்ளைகள் 16 வயது வரை பள்ளியில் இருக்க வேண்டும் என்றன. 1967-இல் வந்த பிளவுடன் அறிக்கை தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பகுதிகளுக்குக் கூடுதல் பணமும் ஆசிரியர்களும் தரச் சொன்னது. தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்றும் சொன்னது.

அதோடு சரி. பிறகு அந்தக் குழுவை யாருமே கூட்டவில்லை. தொழிற்கட்சியும் கூட்டவில்லை, கன்சர்வேடிவ் கட்சியும் கூட்டவில்லை. குழு இருந்தாக வேண்டும் என்று சட்டம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விஷயத்துக்கும் தனிக்குழு போடுவது வழக்கமாயிற்று. மொழிப்பாடத்துக்கு புல்லக் (1975), சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு வார்னாக் (1978), கணிதத்துக்கு காக்கிராஃப்ட் (1982). நல்ல அறிக்கைகள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வி அமைச்சருடையது; பதில் எழுதியதும் குழு வீட்டுக்குப் போய்விடும்.

1986-இல் இரண்டாம் எண் கல்விச் சட்டம் அந்தக் குழுக்களை அடியோடு நீக்கியது. காலாவதியானது என்பார்கள். பத்தொன்பது ஆண்டு பூட்டி வைத்த வீடு பாழடைந்ததற்கு வீட்டையா குறை சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் பிரம்படியை ஒழித்ததும் இதே சட்டம்தான். பிளவுடன் சொன்னதற்காக அல்ல. ஸ்காட்லாந்துத் தாய்மார் இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1982-இல் தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். அப்படியும் மக்களவையில் 231-க்கு 230. ஒரே ஓட்டில் பிள்ளைகள் தப்பினார்கள். சொன்ன குழுவும் போயிற்று, அது போகச் சொன்ன பிரம்பும் போயிற்று, ஒரே சட்டத்தில்.

இரண்டே ஆண்டில், 1988-இல், தேசியப் பாடத்திட்டம் வந்தது. என்ன கற்பிப்பது என்பதில் அமைச்சரின் கை ஓங்கியது.

நம் நாட்டிலும் மத்திய கல்வி ஆலோசனை வாரியத்தை 1920-இல் அமைத்து, சிக்கனம் என்று 1923-இல் கலைத்து, 1935-இல் மறுபடி அமைத்தார்கள். அந்தக் கதையை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.