முப்பத்தெட்டாவது திசு

வைரஸ் தானாகப் பெருகும் ஆற்றல் அற்றது. உயிருள்ள உயிரணு ஒன்றுக்குள் புகுந்து, அதன் இயக்கத்தைத் தன்வயப்படுத்திக்கொண்டே அது பல்குகிறது. ஆதலால் வைரஸை வளர்த்துத் தடுப்பூசி செய்ய முற்படுவோர், அந்த வைரஸ் குடியிருந்து வளர்வதற்குரிய உயிரணுக்களை முதலில் தேடியாக வேண்டும். 1950களில் போலியோ தடுப்பூசிக்கு அவ்வாறு பயன்பட்டவை குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள். அவற்றில் எஸ்.வி. 40 என்னும் குரங்கு வைரஸ் மறைந்திருந்ததும், அது ஹாம்ஸ்டர் எனப்படும் வெள்ளெலிகளில் கட்டிகளை உண்டாக்க வல்லது என்பதும் 1960களின் தொடக்கத்தில் தெரியவந்தபோது, அத்தடுப்பூசி ஏற்கெனவே பல கோடிப் பேருக்குச் செலுத்தப்பட்டிருந்தது. மனித உயிரணுக்களுள் எளிதில் கிடைத்தவை, 1951இல் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்பவரின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவர் அறியாமலே எடுக்கப்பட்ட ‘ஹீலா’ உயிரணுக்கள். ஆயினும் புற்றுயிரணுவில் வளர்த்த மருந்தை நலமான குழந்தைக்குச் செலுத்த எவரும் துணியவில்லை.

இந்நிலையில், பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் ஆகிய இருவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு, அக்காலத்துப் பெருநம்பிக்கை ஒன்றைத் தகர்த்தது. உடலுக்கு வெளியே முறையாகப் பேணப்படும் உயிரணுக்கள் சாவதேயில்லை என்று, 1912இல் அலெக்சிஸ் காரெல் தொடங்கிய கோழிக்கரு இதயத் திசு வளர்ப்பை முன்னிறுத்தி அறிவியலாளர் நம்பிவந்தனர். இயல்பான மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் பெருக்கத்தை நிறுத்திவிடுகின்றன என்று ஹேஃப்ளிக் நிறுவினார். அவ்வெல்லை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இடையில் உறையவைத்து ஆண்டுகள் கழித்து மீட்டாலும், அவ்வுயிரணுக்கள் விட்ட இடத்திலிருந்தே தம் எண்ணிக்கையைத் தொடர்வது இக்கண்டுபிடிப்பின் வியத்தகு பகுதியாகும். இவை ‘டிப்ளாய்டு’ உயிரணுக்கள், அதாவது தாய்வழி 23, தந்தைவழி 23 என 46 குரோமோசோம்களும் சிதையாமல் நிற்பவை. புற்றுயிரணுக்களில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். பிறவாக் கருவின் உயிரணுக்களை அவர் நாடியதற்கு இரு காரணங்கள் இருந்தன: வெளியுலக வைரஸ்கள் அவற்றைத் தீண்டியிருக்கும் வாய்ப்பு குறைவு, இரட்டிப்பதற்கான தவணைகளோ மிகுதி.

1962இல் ஸ்வீடனில் ஒரு பெண் சட்டப்படி செய்துகொண்ட கருக்கலைப்பை அடுத்து, ஏறத்தாழ மூன்று மாதப் பெண் கருவின் நுரையீரல் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டது. அதிலிருந்து பெருக்கிய உயிரணுக்களை ஹேஃப்ளிக் 800க்கும் மேற்பட்ட கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து உறையவைத்தார். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளையும் வரிசை எண்ணையும் சேர்த்து, இவ்வுயிரணு வரிசை டபிள்யூ.ஐ. 38 எனப்பட்டது. தம் கருவின் திசு ஆய்வுக்குச் செல்வதை அப்பெண்ணிடம் எவரும் சொல்லவில்லை. அவர் அதை அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

1964–65இல் ருபெல்லா எனப்படும் ஜெர்மன் அம்மை அமெரிக்காவில் பரவி ஏறத்தாழ 1.25 கோடிப் பேரைத் தாக்கியது. பெரியவர்களுக்கு இது எளிய காய்ச்சல்; கருவுற்ற முதல் மாதங்களில் தொற்றினாலோ, குழந்தை காது கேளாமலும் கண் புரையோடும் இதயக் குறையோடும் பிறக்கக்கூடும். அக்கொள்ளைநோயால் மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. இந்த அச்சத்தால் கலைக்கப்பட்ட கரு ஒன்றிலிருந்து ஸ்டான்லி பிளாட்கின் என்னும் ஆய்வாளர் பிரித்தெடுத்த வைரஸ், டபிள்யூ.ஐ. 38 உயிரணுக்களில் உடல் வெப்பத்துக்குக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் மீண்டும் வளர்க்கப்பட்டு வீரியம் இழந்து, ஆர்.ஏ. 27/3 என்னும் தடுப்பூசி வைரஸ் ஆயிற்று. அமெரிக்கா அதற்கு 1979இல் உரிமம் அளித்தது. ஆக, அத்தடுப்பூசியின் இரு வேர்களும் பெயர் பதியப்படாத பெண்களின் துயரத்தில் ஊன்றியவை.

டபிள்யூ.ஐ. 38 உயிரணுக்கள் எவருக்கு உரியவை என்ற வழக்கு மூண்டபோதும் அந்த ஸ்வீடன் பெண்ணின் குரல் எழவில்லை. 1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஹேஃப்ளிக் எஞ்சியிருந்த குப்பிகளைத் தம்முடன் கொண்டுசென்றார். அரசுப் பணத்தில் உருவானவை அரசுக்கே உரியவை என்று அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வாதிட்டன. 1981இல் பிணக்கு உடன்பாட்டில் முடிந்தது. அறிவியலாளர், அரசு, மருந்து நிறுவனங்கள் என மூவர் உரிமை பேசிய அவ்விவாதத்தில், திசு எவர் உடலிலிருந்து வந்ததோ அவர் ஒரு தரப்பாகவே எண்ணப்படவில்லை. அது அக்காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்வதுண்டு. ஆயினும் மனிதர்மீது செய்யும் ஆய்வுக்குத் தன்விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று நியூரம்பர்க் நெறி 1947லேயே வகுத்திருந்ததால், அந்தச் சமாதானம் முழுமையாகப் பொருந்தாது. உடலைவிட்டு நீங்கிய திசு கழிவே என்ற எண்ணந்தான் கேட்கும் கடமையை மறைத்தது. 1990இல் ஜான் மூர் என்னும் நோயாளியின் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நீக்கப்பட்ட உயிரணுக்களின்மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்று மறுத்தபோதிலும், தம் ஆய்வு நோக்கத்தையும் பணநலனையும் மருத்துவர் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கருக்கலைப்பை ஏற்காத சமயத்தவர்க்கு வேறொரு நெருக்கடி இருந்தது. மாற்று மருந்து இல்லாதபோது குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் காக்க இத்தகைய தடுப்பூசிகளை ஏற்கலாம், மாற்றைக் கோரவும் வேண்டும் என்று வத்திக்கானின் உயிர்காப்புக் கழகம் 2005இல் கூறியது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட பகுதிகளில் இந்தியாவின் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. பள்ளிகளில் வரிசையில் நின்ற குழந்தைகளின் கையில் இறங்கிய மருந்தின் ருபெல்லாப் பகுதி, மனித டிப்ளாய்டு உயிரணுக்களில் வளர்க்கப்பட்ட அதே ஆர்.ஏ. 27/3 ஆகும்.