திருமுக்கூடல்: ஓர் ஊர்ப்பெயரும் ஐந்து நீளங்களும்

திருமுக்கூடல் என்ற பெயரில் எத்தனை எழுத்து? தி, ரு, மு, க், கூ, ட, ல். ஏழு. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் விரல்விட்டுச் சொல்லிடுவாங்க. பைத்தானிலிருந்து சி மொழியின் டைனமிக் லைப்ரரிகளை அழைப்பது பற்றிய குறிப்புகளுக்காக இந்தப் பெயரைச் சோதனைக்கு எடுத்தேன். கணினி 39, 13, 26, 2 என்று நாலு விடை தருகிறது. நாலுக்கும் பின்னால் வரலாறு இருக்கு.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. அதில் சரம் என்பது சுழியில் முடிகிற பைட்டுகளின் வரிசை, அவ்ளோதான். ஸ்ட்ர்லென் என்ற ஃபங்ஷன் சுழி வரும்வரை எண்ணும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அதனால்தான் 39.

1991இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் அது இஸ்கி முறையைப் பின்பற்றி மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக வைத்தது. ‘தி’ அங்கே இரண்டு குறி. பைத்தான் 3 எண்ணுவது இந்தக் குறிகளை. அது 13.

மற்ற இரண்டும்தான் சுவாரசியம். தாமஸ் ஹெல்லர் எழுதிய சிடைப்ஸ் 2006இல் பைத்தான் 2.5உடன் சேர்ந்தது. அன்றைய பைத்தானின் சாதாரண சரமே பைட் வரிசை என்பதால் சி ஃபங்ஷனுக்கு அப்படியே போனது. 2008இல் பைத்தான் 3 சரத்தை யுனிகோடாக மாற்றியது. அதன் பிறகு சிடைப்ஸ் அதை அகல எழுத்துகளாக அனுப்புகிறது. அகலம் எவ்வளவு என்பதை சி தரநிலை வரையறுக்கவில்லை. விண்டோஸில் 2 பைட், எனவே 26. லினக்ஸில் 4 பைட். ‘த’ என்ற குறியின் முதல் இரண்டு பைட்டுக்குப் பிறகு சுழி வந்துவிடும், எண்ணிக்கை 2இல் நின்றுவிடும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

காரணம் எளிது. ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன தரும் என்ற விவரம் ஹெட்டர் கோப்பில் இருக்கிறது. லைப்ரரிக் கோப்பில் மிஞ்சுவது பெயரும் இயந்திரக் குறிமுறையும்தான். அந்த ஒப்பந்தத்தை நாம்தான் மறுபடி எழுதணும். உள்ளீடு பைட் சரம் என்று ஒரு வரி அறிவித்துவிட்டால், யுனிகோடு சரத்தை சிடைப்ஸ் வாங்க மறுத்துப் பிழை காட்டும். வெளியீட்டையும் அறிவிக்கணும், இல்லாவிட்டால் அதை 32 பிட் முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும், 64 பிட் முகவரி பாதியாகிவிடும். 39 பைட் என்று தெரியாமல் 32 பைட் இடம் ஒதுக்கினால் ஊர்ப்பெயர் ‘திருமுக்கூ’ வரைதான் உருப்படியாக இருக்கும். கல்வெட்டு அட்டவணையிலோ நிலப்பதிவிலோ இப்படி அறுந்த பெயரைத் தேடினால் கிடைக்காது.

இந்த ஊரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் இடம் இது. இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஆதுலர் சாலைக்குப் படுக்கை 15, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருபவர், ஆளுக்கு இவ்வளவு நெல் என்று எல்லாம் வெட்டியிருக்கு. கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நான் எந்த சி லைப்ரரியைத் தொட்டாலும் உள்ளீடு, வெளியீடு இரண்டையும் எழுதிவிட்டுத்தான் அழைக்கிறேன்.