அட்டை விஜயந்தா

ஆரணியில் எங்கள் வீட்டுப் பரணில் ஜக்கார்ட் அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சேலையின் கரையில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளையிட்ட அட்டைகள். கணினி ஜக்கார்ட் வந்தபிறகு அவற்றுக்கு வேலை இல்லை. எடைக்குப் போட்டுவிடு என்று அம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அட்டைகளில்தான் நான் ஒரு பிரிட்டிஷ் டாங்கியைச் செய்தேன்.

'பிரிட்டிஷ்' என்று சொன்னால் பெரியப்பாவுக்குப் பொறுக்காது. "நாங்க வெல்டு வெச்சதுடா. அது எப்படி வெள்ளக்காரன் வண்டி ஆவும்?" என்பார். 1972ல் தறிக்குழியிலிருந்து எழுந்துபோய் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் சேர்ந்தவர் அவர். தாத்தா அதற்கப்புறம் மூன்று மாசம் அவரோடு பேசவில்லையாம். பெரியப்பாவும் ஓய்வு பெறும்வரை தொழிற்சாலைக்குள் என்ன செய்தார் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராணுவ ரகசியம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீபாவளிக்கு வரும்போது அவர் முன்கையில் இருந்த பொட்டுப்பொட்டான தீத்தழும்புகள்தான்.

வண்டியின் பெயர் விஜயந்தா. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவிடம் இருந்தவை வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஷெர்மன்களும் ஸ்டூவர்ட்களும். பிறகு பிரிட்டனிடமிருந்து சென்சூரியன்களை வாங்கினோம். டாங்கியை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்து 1961ல் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1963ல் மாதிரி வண்டி தயாரானது. தொடக்க வண்டிகள் நியூகாசிலின் எல்ஸ்விக்கில் செய்யப்பட்டவை. ஆவடியிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது 1965 இறுதியில். அதிலும் பாகங்கள் கப்பலில் வந்தவை; இங்கே பூட்டினார்கள். மாடல் செய்பவன் கண்ணால் பார்த்தால், ஆவடி தொடக்கத்தில் செய்தது ஒரு கிட் பூட்டும் வேலைதான். அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். எண்பதுகளின் தொடக்கம்வரை சுமார் 2,200 வண்டிகள்.

இதில் வேடிக்கை, பிரிட்டிஷ் ராணுவம் இந்த டாங்கியை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர்களுக்கு சீஃப்டன் இருந்தது. பழைய காலனி ஒன்றுக்காக வரைந்த வண்டி இது. குவைத்தும் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. எஞ்சின் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே, லேலண்ட் எல்60. இரண்டு நாட்டிலும் அது நல்ல பேர் எடுக்கவில்லை.

அதனாலோ என்னவோ, நான் தேடிய கடைகளில் சென்சூரியன் பெட்டி இருந்தது, சீஃப்டன் பெட்டி இருந்தது. விஜயந்தா இல்லை.

மாடல் டாங்கிகளின் உலகத்தில் 1/35 என்பது ஒரு வேத எண். அது வந்த கதை சிரிப்பானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியைப் பொம்மையாகச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று ஓர் அகலம் வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதுவே உலக வழக்கமாகிவிட்டது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் பிடித்துக்கொண்டது 1/76, பொம்மை ரயில்களின் அளவு.

எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக அன்னத்தையும் மாங்காயையும் வரைந்து, அதைத் தறியில் இழைக்கணக்காக மாற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவன். விஜயந்தாவின் உடல் நீளம் 7.92 மீட்டர், முப்பத்தைந்தால் வகுத்தால் 22.6 சென்டிமீட்டர். அகலம் 3.17 மீட்டர், அதாவது 9 சென்டிமீட்டர் சொச்சம். கவசத்தின் அதிகபட்ச தடிமன் 80 மில்லிமீட்டர், சிறிதாக்கினால் 2.3. ஜக்கார்ட் அட்டை மூன்றை ஒட்டினால் சரியாக வந்தது. துளைகளை ஃபெவிகாலும் மரத்தூளும் வைத்து அடைத்தேன். 105 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் 3 மில்லிமீட்டர். அதற்கு ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டேன்.

அகமத்நகரில் 1994ல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் நிஜ வண்டியைப் பார்த்தும் வந்தேன். ஆனாலும் தப்பு செய்தேன்.

செய்ததைப் பெரியப்பாவிடம் காட்டினேன். முதலில் தொடவில்லை. "இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடா." எல்லா அளவும் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோபுரத்தில் விரலை வைத்தார்.

"இது சென்சூரியன் தலை. உருண்டையா இருக்குது. அது வார்ப்பு. நம்மளுது தகடு, தகடா வெட்டி வெல்டு பண்ணது. இங்க ஒரு மூல வரணும்."

அருங்காட்சியகத்தில் நின்று பார்த்த எனக்குத் தெரியாதது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. கோபுரத்தைப் பிய்த்துப் புதிதாகச் செய்தேன். இந்தமுறை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வெல்டிங் தழும்புக்கு என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் எழுந்துபோய்த் தறியடியில் கிடந்த அறுந்த பட்டு இழைகளைப் பொறுக்கி வந்தார். தொடையில் வைத்து முறுக்கி, பசையில் நனைத்து, தகடு சேரும் இடத்தில் படுக்கவைத்து, ஊசி முனையால் சின்னச்சின்னதாக அழுத்திக்கொண்டே போனார். கண்புரை அறுவை செய்த கண். கை நடுங்கவில்லை. அவர் இழை முறுக்கி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். மூடிகள் திறந்து மூட வேண்டும். ஒட்டிவிடலாமே, உள்ளே ஒன்றும் இல்லையே என்றேன். "நாலு பேர் உக்கார்ற வண்டி. தீப்பிடிச்சா எப்படிடா வெளிய வருவான்?" என்றார். 1971 போரில் விஜயந்தா களத்துக்குப் போனது, அவர் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருஷம். அதன்பின் பத்து வருஷம் அவர் வெல்டு வைத்த வண்டிகளில் யார் உட்கார்ந்தார்கள், எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் மூடிகளுக்குச் செப்புக் கம்பியில் கீல் வைத்தேன்.

எங்கள் ஊருக்கு யுத்தம் புதிதில்லை. 1751ல் கிளைவ் இங்கே பிரெஞ்சுப் படையோடு மோதினான். 1782ல் அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினார்கள். பீரங்கிகளை மாடுகள் இழுத்துப் போயின. அந்த மண்ணில் இப்போது ஓர் அட்டை டாங்கி, ஷோகேஸில், அம்மாவின் குத்துவிளக்குக்குப் பக்கத்தில்.

பலகையில் ஒட்டுவதற்கு 'விக்கர்ஸ் மார்க் 1, விஜயந்தா' என்று ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தேன். பெரியப்பா வாங்கிப் படித்தார். கோபம் ஒன்றும் இல்லை.

"ஆவடின்னும் போடு," என்றார். "அதே சைஸ் எழுத்துல."