மார்ஷலைக் கைவிட்ட ஊர்

கௌபாய் படம் என்றால் குதிரை, துப்பாக்கி, கடைசியில் நல்லவனுக்கு வெற்றி, இவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் பலர். 1952-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹை நூன்' அந்த எண்ணத்தை மாற்றிய படம். 85 நிமிடமே ஓடும் இந்தக் கருப்பு வெள்ளைப் படத்துக்குள் ஹாலிவுட்டின் கசப்பான வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது.

கதை எளிமையானது. ஹேட்லிவில் என்ற சிற்றூரின் மார்ஷல் வில் கேன், திருமணம் முடிந்த கையோடு பதவியைத் துறந்து புறப்படுகிறார். அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் இரயிலில் வருவதாகத் தகவல் வருகிறது. கூட்டாளிகள் மூவர் இரயில் நிலையத்தில் காத்திருக்கின்றனர். கேன் ஊருக்குத் திரும்பி உதவி கேட்கிறார். நீதிபதி மூட்டை கட்டுகிறார். நண்பர் ஒருவர், தாம் வீட்டில் இல்லையென்று மனைவியைச் சொல்ல வைக்கிறார். தேவாலயத்தில் அவரைப் புகழ்ந்து பேசுகிறார்கள். ஆனால் கூட வர ஆளில்லை.

இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் குதிரைப் பாய்ச்சலை நம்பவில்லை, கடிகாரத்தை நம்பினார். கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. 50 வயது கேரி கூப்பரின் முகத்தில் அச்சம் அப்பட்டமாகத் தெரிகிறது. அஞ்சியும் ஓடாத மனிதரைக் காட்டியதே இப்படத்தின் சிறப்பு.

எழுத்தாளருக்கு நேர்ந்தது

திரைக்கதை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். முன்னாள் கம்யூனிஸ்டு கட்சி உறுப்பினரான அவரை, 1951 செப்டம்பரில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு அழைத்தது. தம்மைக் காப்பாற்றிக்கொள்ள மற்றவர் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமருடனான கூட்டு முறிந்தது. கருப்புப் பட்டியலில் சிக்கி பிரிட்டனில் குடியேறினார். ஹேட்லிவில் உண்மையில் ஹாலிவுட்தான் என்று அவரே பின்னர் கூறினார்.

கூப்பர் கம்யூனிச எதிர்ப்பாளர். 1947-இல் அதே குழுவின்முன் சாட்சியம் அளித்தவர். ஆயினும் ஃபோர்மனுக்கு ஆதரவாக நின்றார். அவரது புதிய நிறுவனத்தில் சேரவும் முன்வந்தார். நெருக்குதல் வரவே விலகிக்கொண்டார். படத்தில் நடந்தது வெளியிலும் நடந்தது.

1953-இல் நான்கு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. கூப்பருக்குரிய விருதை மேடையில் பெற்றுக்கொண்டவர் ஜான் வெய்ன். அமெரிக்கத்தன்மைக்கு எதிரான படம் என்று இதைப் பிற்பாடு சாடியவரும் அவரே. மார்ஷல் ஊராரிடம் உதவிக்கு அலைவதா என்று கேட்ட இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ், வெய்னை வைத்து 1959-இல் 'ரியோ பிராவோ' எடுத்துப் பதில் சொன்னார்.

ஃபோர்மன் பிரிட்டனில் பங்களித்த மற்றொரு திரைக்கதை, இலங்கையில் படமான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957). மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் மரண இரயில் பாதைதான் அதன் களம். ஆனால் படம் பேசியது பிரிட்டிஷ் போர்க் கைதிகளைப் பற்றியே. ஃபோர்மன் பெயரும் அதில் இடம்பெறவில்லை. அதற்கான ஆஸ்கார் அவர் பெயரில் வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடில்லை, 1984-இல் காலமாகியிருந்தார்.

1989 ஜூன் 4-ஆம் தேதி போலந்துத் தேர்தலுக்கு 'சாலிடாரிட்டி' இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் நின்றவர் கூப்பர்தான். கையில் துப்பாக்கி இல்லை, வாக்குச்சீட்டு! கம்யூனிஸ்டு என்று விரட்டப்பட்டவர் படைத்த நாயகன், கம்யூனிஸ்டு ஆட்சிக்கு எதிராக நின்றான்.

இறுதிக் காட்சியில் கேன் நட்சத்திரச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறார். ஊரார் வாய் திறப்பதில்லை. பார்ப்பவர்கள் தங்களை கேனாக நினைத்துக்கொள்வது எளிது. அந்தக் கூட்டத்தில் தாங்கள் எங்கே நின்றிருப்போம் என்று கேட்டுப் பார்ப்பதுதான் கடினம்.