சுன்: ஒரே சீன எழுத்து, இரண்டு மரங்கள்

சுன் என்பது ஒரு மரத்தைக் குறிக்கும் சீன எழுத்து. 13 கோடுகளைக் கொண்டது. இடப்பக்கம் 'மரம்' என்னும் உறுப்பும் வலப்பக்கம் 'வசந்தம்' என்னும் எழுத்தும் சேர்ந்து அமைந்தது. சீனாவில் இது தூனா சைனென்சிஸ் என்ற தாவரவியல் பெயர் கொண்ட உயர்ந்த மரத்தின் பெயர். நம் வேம்பும் அந்த மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஜப்பானில் இதே எழுத்தைச் சுபாக்கி என்று படிக்கிறார்கள். அங்கே அது தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்த கமேலியா என்னும் பூமரம். இரண்டு மரங்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

எழுத்தின் தோற்றம்

சீன எழுத்துகள் எல்லாம் படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 'மரம்' என்னும் உறுப்பு உண்மையிலேயே படம்தான். நடுவே தண்டு, மேலே கிளை, கீழே வேர். ஆனால் பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒரு பாதி பொருளையும் மறுபாதி ஒலியையும் காட்டும். சுன் அந்த வகையைச் சேர்ந்தது. இடப்பக்கம் 'இது ஒரு மரம்' என்கிறது. வலப்பக்கம் 'சுன் என்று ஒலி' என்கிறது. வசந்தத்துக்கும் சீன மொழியில் சுன் என்றுதான் பெயர்.

இதற்குப் பழைய சான்று உண்டு. கி.பி. 100-இல் சூ ஷென் தொகுத்து முடித்த சுவோவென் ஜியேசி அகராதியில் இந்த மரத்தின் பெயர் வேறு வடிவில் உள்ளது. அங்கே வலப்பக்கம் வசந்தம் இல்லை. 'துன்' என்னும் சிறிய ஒலிக்கூறு மட்டுமே உள்ளது. வசந்தம் என்ற எழுத்தின் பழைய வடிவத்தைப் பிரித்தால் புல், கதிரவன் இவற்றோடு இதே துன் ஒலிக்கூறுதான் கிடைக்கிறது. ஆகவே மரத்தின் பெயரில் பின்னர் வந்து சேர்ந்த வசந்தம், பழைய ஒலிக்கூறின் இடத்தை நிரப்பிய இன்னொரு ஒலிக்கூறு. பருவத்தைச் சொல்வது அதன் முதன்மை வேலை அன்று. சாங்சூ என்னும் தொன்மையான நூலில் ஜிங் மாநிலம் செலுத்திய திறைப்பொருள்களின் பட்டியலிலும் இம்மரம் பழைய வடிவில் இடம்பெறுகிறது. அந்த வரியைத்தான் சூ ஷென் மேற்கோளாக எடுத்துக்கொண்டார்.

சீனத்தில் பெற்ற பொருள்கள்

சுவாங்சி என்னும் நூலின் முதல் இயலில் ஒரு பெருஞ்சுன் மரம் வருகிறது. அதற்கு 8,000 ஆண்டுகள் ஒரு வசந்தம். இன்னொரு 8,000 ஆண்டுகள் ஓர் இலையுதிர்காலம். இந்தக் கற்பனை மரத்தால் சுன் நெடுவாழ்வின் அடையாளமாயிற்று. பின்னர் தந்தையைக் குறிக்கவும் வழங்கியது. தாய்க்கு ஷுவான் என்னும் பூச்செடி. 'சுன்னும் ஷுவானும் தழைத்திருக்கின்றன' என்றால் பெற்றோர் இருவரும் நலமாக உள்ளனர் என்று பொருள். இதே இணைச்சொல் வியட்நாமுக்கும் சென்று பெற்றோரைக் குறித்தது.

அன்றாட வாழ்வில் சுன் ஒரு கீரையும்கூட. வசந்தத் தொடக்கத்தில் வரும் செந்நிறத் தளிரைப் பறித்து முட்டையோடு பொரிக்கிறார்கள். வெங்காயம், பூண்டு போன்ற வாசனை. அதனால் அதற்கு 'மணச்சுன்' என்று பெயர். பார்வைக்கு ஓரளவு அதைப் போன்ற வேறொரு மரம் 'நாற்றச்சுன்'. அது நம் ஊரில் தீக்குச்சிக்குப் பயன்படும் பெருமரத்தின் இனம். சுவாங்சியின் அதே முதல் இயலின் இறுதியில், தச்சன் திரும்பியும் பாராத பயனற்ற மரமாக வருவது இந்த நாற்றச்சுன்தான்.

ஜப்பானில் வேறு மரம்

ஜப்பானியர் சீன எழுத்துகளை இரண்டு வகையில் படிப்பார்கள். சீன ஒலியைத் தழுவிய படிப்பு ஓன்யோமி. அதே எழுத்தின் மேல் தம் சொந்தச் சொல்லை ஏற்றிப் படிப்பது குன்யோமி. இந்த எழுத்தின் ஓன்யோமி சின், குன்யோமி சுபாக்கி.

சுபாக்கி என்னும் சொல் எழுத்துக்கு முன்பே ஜப்பானில் இருந்தது. அதை எழுதத்தான் எழுத்து தேவைப்பட்டது. கி.பி. 720-இல் முடிந்த நிஹோன் ஷோக்கி வரலாற்று நூல், 608-ஆம் ஆண்டு சுய் அரசின் தூதர்களை 75 அலங்கரித்த குதிரைகளோடு சுபாக்கிச் சந்தையில் வரவேற்றதைச் சொல்கிறது. அந்தச் சந்தையின் பெயர் அங்கே 'கடல் மாதுளை' என்று பொருள்படும் சீன எழுத்துகளில் உள்ளது. கமேலியாவுக்குச் சீனர் வழங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று. மான்யோஷூ பாடல் தொகுப்பிலோ கடல் மாதுளையும் வருகிறது, நம் எழுத்தும் வருகிறது.

வசந்தத்தை ஒட்டிப் பூக்கும் மரத்துக்கு 'மரம்', 'வசந்தம்' இரண்டையும் ஜப்பானியர் தாமே இணைத்துப் புதிய எழுத்தை உருவாக்கினர் என்பது ஒரு கருத்து. சீன எழுத்தையே எடுத்து வேறு மரத்துக்குச் சூட்டினர் என்பது மற்றொன்று. எப்படியாயினும், சீனத்தில் ஒலியாக இருந்த பாதி ஜப்பானில் பொருளாகிவிட்டது. இது தனி நிகழ்வும் அன்று. மரத்தோடு கோடை சேர்ந்தால் எனோக்கி, குளிர்காலம் சேர்ந்தால் ஹீராகி என ஜப்பானில் பருவ மரங்களின் வரிசையே உண்டு.

இதனால் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டே மொழிபெயர்ப்பாளர் தவறலாம். மகன் டூமா 1848-இல் எழுதிய பிரெஞ்சு நாவலின் நாயகி கமேலியா மலர்களை விரும்புபவள். சீனத்தில் லின் ஷூ 1899-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் தலைப்பில் அவள் 'தேயிலைப்பூப் பெண்'. ஜப்பானியத் தலைப்பு சுபாக்கி-ஹிமே. அதாவது சுபாக்கி இளவரசி. இந்தத் தலைப்பைச் சீன முறையில் படிப்பவருக்குப் பாரிஸ் நகரத்து அழகியின் பெயரில் கீரைத்தளிரும் தந்தையும் தெரிவார்கள்!

சுவாங்சியின் மரத்தையும் ஜப்பானியர் மறக்கவில்லை. சின் என்னும் படிப்பில் அது வாழ்கிறது. சின்ஜு என்றால் நீண்ட ஆயுள். ஹைக்கூ கவிஞர் தக்கஹாமா கியோஷி 85 வயதில், 1959 ஏப்ரல் 8 அன்று காலமானார். அவருடைய நினைவுநாளின் பெயர் சின்ஜு-கி. அதில் உள்ள முதல் எழுத்தைச் சுபாக்கி என்று படித்தால் அவருக்குப் பிடித்த பூ. சின் என்று படித்தால் 8,000 ஆண்டு வசந்தம் கண்ட மரம்.