நோக்கியா எடுத்த முடிவு

ஒரு காலத்தில் செல்போன் என்றாலே நோக்கியாதான். கை நழுவிப் படிக்கட்டில் உருண்டாலும், சிதறிய பேட்டரியையும் மூடியையும் பொறுக்கி மாட்டினால் மறுபடி வேலை செய்யும்! அப்படிப்பட்ட நிறுவனம் ஏன் விழுந்தது? அதற்கு ஒரு முக்கியக் காரணம், எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி.

நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களில் இருந்தது சிம்பியன். 1998-ல் சயான், எரிக்சன், மோட்டரோலா, நோக்கியா ஆகியவை சேர்ந்து இதற்கான நிறுவனத்தைத் தொடங்கின. குறைந்த நினைவகத்தில் ஓடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. 2007-ல் ஐபோன் வந்தது. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. தொடுதிரை யுகத்தில் சிம்பியன் திணறியது. அதற்குப் புதிதாகச் செயலிகள் எழுதுவதும் சிரமமாக இருந்தது.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த ஸ்டீபன் ஈலோப் நோக்கியாவின் தலைமை ஏற்றார். பின்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, இன்டெலுடன் சேர்ந்து உருவாக்கி வந்த மீகோ. இரண்டு, ஆண்ட்ராய்டு. மூன்று, விண்டோஸ் போன்.

மீகோ போன்கள் வேண்டிய வேகத்தில் தயாராகவில்லை. ஆண்ட்ராய்டுக்குப் போனால் கும்பலில் ஒருவராகிவிடுவோம் என்ற பயம். விண்டோஸ் பக்கமோ மைக்ரோசாஃப்ட் பணமும் தரத் தயாராக இருந்தது (பின்னர் காலாண்டுக்கு 25 கோடி டாலர் வந்தது). 2011 பிப்ரவரி 11 அன்று லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் போன்தான்!

இங்கேதான் சிக்கல். புது லூமியா போன்கள் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, சிம்பியனுக்கு எதிர்காலம் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பிறகு யார் வாங்குவார்கள்? 2011-ல் வெளிவந்த மீகோ போனான என்9 பாராட்டுகளைப் பெற்றது. ஆனால் அந்த வழியை நோக்கியா ஏற்கெனவே கைவிட்டிருந்தது.

லூமியா நல்ல போன்தான். ஆனால் செயலிகள் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு 2012 ஏப்ரலில் வந்த இன்ஸ்டாகிராம், விண்டோஸ் போனுக்கு 2013 நவம்பரில்தான் எட்டிப்பார்த்தது. ஆள் இல்லாததால் செயலி இல்லை, செயலி இல்லாததால் ஆள் இல்லை... போதாக்குறைக்கு, முதலில் வந்த லூமியாக்களுக்கு விண்டோஸ் போன் 8 கிடைக்காது என்று 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது.

2013 செப்டம்பரில் செல்போன் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டுக்கே விற்க நோக்கியா ஒப்புக்கொண்டது. 2006 முதல் இயங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை, வருமான வரி வழக்கால் அந்த விற்பனையில் சேரவில்லை. அங்கே அதிகம் தயாரானவை சாதாரண போன்கள். எனவே மூடியதற்கு இயங்குதளம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, 2014 நவம்பர் 1 அன்று தொழிற்சாலை நின்றது. ஆயிரக்கணக்கானோர், அதிலும் பெரும்பாலும் இளம்பெண்கள், அதற்குள் வேலை இழந்திருந்தார்கள். 2015 ஜூலையில் அந்த வணிகத்தில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது மைக்ரோசாஃப்ட்.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது வீடு பார்ப்பது போல. வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பக்கத்தில் கடை, பஸ் ஸ்டாப் இல்லாவிட்டால் யாரும் குடிவர மாட்டார்கள். நோக்கியா வீட்டைப் பார்த்தது, தெருவைப் பார்க்கவில்லை. அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர்களில் பலர், தேர்ந்தெடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள்.