ஆறு மூன்று பக்கம் வளைத்த ஊர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கோப்பை தேத்தண்ணி கலக்கி வைத்துக்கொண்டு படியுங்க.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, நாங்க தொண்டர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவது வழக்கம். போன வாரம் பேச்சு ஒட்டுத்துணிப் போர்வை பக்கம் போனது. பழைய சேலை, கிழிந்த கைலி எல்லாவற்றையும் வெட்டித் தைத்த போர்வையில் தூங்கி வளர்ந்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். "அதே மாதிரி போர்வை அமெரிக்காவுல மியூசியத்துல தொங்குது, தெரியுமா?" என்றார் ஒருவர். அதைத் தேடிப் படிக்கப் போய் ஒரு ஊரின் கதையே கிடைத்தது.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம். அதில் வில்காக்ஸ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. கிரீக் பழங்குடி மக்களைப் போரில் தோற்கடித்து, 1814 உடன்படிக்கையில் எழுதி வாங்கிய நிலம் அது. 1819இல் கவுண்டியாக அமைத்தபோது, அந்தப் போரில் இறந்த ஜோசப் வில்காக்ஸ் என்ற ராணுவ அதிகாரியின் பெயரை வைத்தார்கள். நிலத்தை இழந்தவர்கள் பெயர் வரவில்லை, பிடித்தவர் பெயர் நின்றுவிட்டது.

அந்தப் பகுதியைக் கறுப்பு வளையம் என்று சொல்வார்கள். முதலில் அது கரிசல் மண்ணைக் குறித்த பெயர். அந்த மண்ணில் பருத்தி நன்றாக விளையும். பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். பிறகு அங்கே வாழும் மக்களையும் அதே பெயர் குறித்தது. 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுவதற்கும் சுமார் 10,600 பேர்தான். பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். தலைநகர் கேம்டன் என்ற சின்னப் பட்டணம்.

கேம்டனுக்கு எதிர்க்கரையில் அலபாமா ஆறு குதிரை லாடம் போல வளைகிறது. ஆற்றுக்குள் நீட்டிய நாக்கு மாதிரி ஒரு நிலம், மூன்று பக்கமும் தண்ணீர். அதுதான் ஜீஸ் பெண்ட். முதலில் அங்கே பருத்தித் தோட்டம் போட்டவர் ஜோசப் ஜீ. 1845இல் அந்தத் தோட்டம் கடனுக்கு ஈடாக அவர் உறவினர் மார்க் பெட்வே கைக்குப் போனது. பெட்வே தன் அடிமைகளை வட கரோலினாவிலிருந்து அலபாமா வரைக்கும் நடத்தியே கூட்டி வந்தார். அவர்களுக்கும் முதலாளியின் பெயரே குடும்பப் பெயரானது. இன்றும் அந்த ஊரில் பெட்வே என்று கூப்பிட்டால் பல வீடுகளிலிருந்து தலை எட்டிப் பார்க்கும்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் முதலாளியிடமே இருந்தது. குத்தகைக்கு உழுதார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடையில் கடன், அறுவடையில் கழிப்பு. தோட்டத்துக் கடைக் கணக்கு தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 1920களில் பருத்தி விலை சரிந்தது, கடன் ஏறியது. 1932இல், கடன் கொடுத்து வந்த கேம்டன் வியாபாரி இறந்துபோனார். அவர் மனைவி பாக்கியை வசூலிக்க ஆள் அனுப்பினார். சுமார் 60 குடும்பங்களின் மாடு, கலப்பை, வண்டி, சேமித்து வைத்த சோளம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தை மக்கள் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவில்தான் கடத்தினார்கள்.

அடுத்து வந்ததுதான் திருப்பம். ரூஸ்வெல்ட் அரசாங்கம் அந்த ஏழைகளைக் கண்ணெடுத்துப் பார்த்தது. 1937இல் ஆர்தர் ரோத்ஸ்டைன் என்ற புகைப்படக்காரரை அனுப்பிப் படம் பிடிக்க வைத்தார்கள். மரவீட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் பழைய செய்தித்தாள் ஒட்டியிருப்பதை அந்தப் படங்களில் இன்றும் பார்க்கலாம். பழைய தோட்டத்து நிலத்தை அரசாங்கமே வாங்கி, வீடு, பள்ளிக்கூடம், கடை கட்டி, குறைந்த வட்டிக்கு அந்த மக்களுக்கே விற்றது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணுக்குப் பட்டா வாங்கினார்கள்.

இந்தப் பட்டாவின் அருமை 1960களில் தெரிந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தக் கவுண்டியில், 1965 தொடக்கம் வரை வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட இல்லை. பதிவு செய்ய வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து கேம்டன் போக வேண்டும். 1962இல் அந்தப் படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்கு எதிரே தெரிகிற பட்டணத்துக்கு, 60 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் சுற்றிப் போக வேண்டிய நிலை. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் மழையோடு மழையாக அந்த ஊருக்கு வந்து பேசினார். சுற்று வட்டாரத்தில் பெயர் பதிந்த குத்தகைக்காரர்கள் பலரை நிலத்திலிருந்து விரட்டினார்கள். ஜீஸ் பெண்ட் மக்களை அப்படி விரட்ட முடியவில்லை. மண் அவர்களுடையது. 1968இல் கிங்கின் உடலைச் சுமந்த வண்டியை இழுத்த கோவேறு கழுதைகளும் இந்த ஊரிலிருந்து போனவைதான்.

இப்போது போர்வைக்கு வருவோம். குளிருக்காகத்தான் அந்தப் பெண்கள் தைத்தார்கள். வயல் சட்டை, மாவு மூட்டைத் துணி, கிழிந்த ஜீன்ஸ் என்று எது கிடைத்தாலும் ஊசியில் கோத்தார்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்ற தாய், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். முட்டி தேய்ந்த இடமும், பாக்கெட் இருந்த இடத்தில் வெளுக்காத நிறமும் அதில் அப்படியே தெரியும். அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்தத் தாயின் ஆசை. படித்தபோது எங்களில் சிலருக்குப் பேச்சு வரவில்லை.

1966இல் அந்த வட்டாரப் பெண்கள் 'ஃபிரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கி, போர்வைகளை விற்க ஆரம்பித்தார்கள். ஓட்டுக்காக விரட்டப்பட்ட குடும்பங்கள் குடியேற நிலமும் ஏற்பாடு செய்தார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் கண்காட்சிக்கு வந்தன. 2006இல் தபால் தலையிலும் ஏறின. அதே 2006இல்தான், 44 வருசம் கழித்து, படகும் திரும்பி வந்தது. 2020 வரை கார் ஏற்றிய நம்ம பழைய பினாங்கு ஃபெரி மாதிரி, காரும் ஏறுகிற படகு. 2019 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது.

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். அணை கட்டியதில் நல்ல வயல் எத்தனையோ தண்ணீருக்குள் போனது. பிழைப்புத் தேடி இளையவர்கள் வெளியூர் போனார்கள். வில்காக்ஸ் இன்னும் அமெரிக்காவின் ஏழைக் கவுண்டிகளில் ஒன்று. ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்ல ஆளும் இருக்கிறார்கள்.

நம்ம தோட்டங்கள் பலவற்றுக்கு இன்று லயமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நிலமும் நம்முடையதாக இருந்ததில்லை. மிச்சம் இருப்பது பாட்டிமார்களின் ஞாபகம்தான். வீட்டில் பழைய ஒட்டுத்துணிப் போர்வை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீங்க. எந்தத் துணி யாருடையது என்று பாட்டியிடம் கேட்டு, இன்றைக்கே எழுதி வையுங்க.

உங்க வீட்டுப் போர்வைக் கதையைக் கீழே சொல்லுங்க. நாங்க படிக்கக் காத்திருக்கிறோம்.